‘யூஸ்ட் டு’: விட்டுப்போன வழக்கமா, பழகிப்போன விஷயமா?

“ஐ யூஸ்ட் டு டேக் திஸ் டேப்லெட் எவ்ரி நைட்.”

ஒருவர் மருத்துவரிடம் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மனதில் இருப்பது, ‘தினமும் ராத்திரி இந்த மாத்திரை போட்டுக்கொள்வது வழக்கம்’ என்பது. மருத்துவருக்குப் புரிவதோ, ‘முன்பு போட்டுக்கொண்டிருந்தேன், இப்போது நிறுத்திவிட்டேன்’ என்பது. வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் கிடையாது. அதனாலேயே யாரும் திருத்த மாட்டார்கள். தப்பான செய்தி சரியான ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்துவிடும்.

தமிழ் பேசுகிறவர்கள் ‘யூஸ்ட் டு’வில் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். நானும் சறுக்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலையில் வந்ததும் முதல் வேலையாக மெயில் பார்த்துவிடுவேன் என்று சொல்ல நினைத்து, “ஐ யூஸ்ட் டு செக் மை மெயில் எவ்ரி மார்னிங்” என்றேன். மேலாளர் அக்கறையோடு, “ஏன் நிறுத்திவிட்டீர்கள்?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில்தான் இந்தத் தொடர் என்ன சொல்கிறது என்பதே எனக்கு விளங்கியது.

ஒரே மாதிரி தெரிகிற இந்தத் தொடருக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. விட்டுப்போன பழைய வழக்கத்தைச் சொல்வது ஒன்று. ஒரு விஷயம் நமக்குப் பழகிப்போயிருப்பதைச் சொல்வது இன்னொன்று. ஒரு பொருள் எதற்குப் பயன்படுகிறது என்று சொல்வது மூன்றாவது. முதல் இரண்டில் நிறையப் பேசவேண்டியிருக்கிறது. மூன்றாவது சுலபம்.

முதல் படி: ‘இப்போதும் உண்டா?’ என்று கேளுங்கள்

தமிழில் ‘வழக்கம்’ என்ற சொல்லுக்குக் காலம் கிடையாது. ‘காலையில் நடக்கப் போவது வழக்கம்’ என்றால் இப்போதும் போகிறேன். ‘சின்ன வயதில் நடக்கப் போவது வழக்கம்’ என்றால் அது அந்தக் காலத்து விஷயம். இரண்டிலும் காலத்தைக் காட்டுவது பக்கத்தில் இருக்கும் சொற்கள்தான். வினைமுற்றும் அப்படியே. ‘தினமும் நடக்கப் போவேன்’ என்பது இன்றைக்கும் பொருந்தும், இருபது வருடத்துக்கு முந்திய கதைக்கும் பொருந்தும்.

‘யூஸ்ட் டு’ இறந்த காலத்துக்கு மட்டுமே உரியது. ‘யூஸ்ட் டு என்றால் வழக்கம்’ என்று நோட்டுப் புத்தகத்தில் பொருள் எழுதி மனப்பாடம் செய்ததால் வந்த குழப்பம் இது. அந்தப் பொருளைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்: ‘முன்பெல்லாம் வழக்கம், இப்போது இல்லை.’

சோதனை சுலபம். நீங்கள் சொல்லவரும் தமிழ் வாக்கியத்தின் முன்னால் ‘முன்பெல்லாம்’ என்றும் பின்னால் ‘இப்போது இல்லை’ என்றும் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் அது உண்மையாக இருந்தால் ‘யூஸ்ட் டு’ போடலாம். ‘முன்பெல்லாம் சைக்கிளில் ஆபீஸுக்குப் போவேன், இப்போது இல்லை’ என்றால், “ஐ யூஸ்ட் டு சைக்கிள் டு வொர்க்.” இன்றைக்கும் சைக்கிளில் போகிறவர் சொல்ல வேண்டியது, “ஐ சைக்கிள் டு வொர்க்” அல்லது “ஐ யூஷுவலி சைக்கிள் டு வொர்க்.” ஆங்கிலத்தில் சாதாரண நிகழ்கால வினையே வழக்கத்தைக் காட்டிவிடும். ‘யூஷுவலி’ கூடச் சேர்த்தால் ‘பெரும்பாலும்’ என்ற சாயல் வரும், அவ்வளவுதான். ‘வழக்கம்’ என்பதற்குத் தனிச் சொல் தேட வேண்டிய அவசியமே இல்லை என்பதைத் தமிழ்க்காரர்கள் நம்பக் கொஞ்ச காலம் ஆகிறது.

‘இப்போது இல்லை’ என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே பூட்டி வைத்த பொருளும் அல்ல. “ஷீ யூஸ்ட் டு சிங், அண்ட் ஷீ ஸ்டில் டஸ்” என்று சொல்ல முடியும். முன்பும் பாடினாள், இன்றும் பாடுகிறாள். ஆனால் அப்படி வெளிப்படையாகச் சேர்க்காதவரை, கேட்கிறவர் ‘இப்போது பாடுவதில்லை’ என்றே எடுத்துக்கொள்வார்.

சிலர் நிகழ்காலத்துக்காக ‘ட்’டை எடுத்துவிட்டு, “ஐ யூஸ் டு வாக் எவ்ரி டே” என்று எழுதுகிறார்கள். தர்க்கம் சரிதான். இறந்த காலம் ‘யூஸ்ட்’ என்றால் நிகழ்காலம் ‘யூஸ்’ ஆகத்தானே இருக்க வேண்டும்? ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளில், 119ஆம் சங்கீதத்தின் 132ஆம் வசனத்தில், ‘நீர் வழக்கமாகச் செய்வதுபோல’ என்ற பொருளில் இந்த வினை நிகழ்காலத்தில் வருகிறது. அந்த நிகழ்கால வழக்கு பிறகு உதிர்ந்துபோய், இறந்த கால வடிவம் மட்டும் மிஞ்சிவிட்டது. ஆகவே “ஐ யூஸ் டு வாக்” என்பது இன்றைய ஆங்கிலத்தில் பிழை.

இரண்டாம் படி: வாக்கியத்தைக் கட்டுவது

இதில் சிரமமே இல்லை. ஐ, யூ, ஹி, ஷீ, தே, எது வந்தாலும் ‘யூஸ்ட் டு’ மாறாது. அதற்குப் பின்னால் வினையின் மூல வடிவம் வரும். “ஹி யூஸ்ட் டு ஸ்மோக்.” “தே யூஸ்ட் டு பிளே டென்னிஸ்.” ‘ஸ்மோக்ட்’ என்றோ ‘பிளேயிங்’ என்றோ வராது.

செயல்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடாதீர்கள். நிலைமையையும் இதால் சொல்லலாம், அதுவும் அழகாகச் சொல்லலாம். “ஐ யூஸ்ட் டு பி வெரி ஷை” என்றால், முன்பு எனக்குக் கூச்சம் அதிகம். “தேர் யூஸ்ட் டு பி எ பிக் ட்ரீ ஹியர்” என்றால், இங்கே ஒரு பெரிய மரம் இருந்தது, இப்போது இல்லை. ‘முன்னே இங்கே ஒரு மரம் இருந்தது’ என்பதை நம்மில் பலர் “பிஃபோர் தேர் வாஸ் எ ட்ரீ ஹியர்” என்று சொல்லிச் சமாளிக்கிறோம். ‘தேர் யூஸ்ட் டு பி’ என்ற நான்கு சொற்களை வாயில் பழக்கிக்கொண்டால் அந்தச் சமாளிப்பு தேவைப்படாது. மரம் போய்விட்டது என்ற ஏக்கமும் கூடவே வந்துவிடும்.

எப்போது போடக் கூடாது என்பதையும் பார்த்துவிடலாம். ஒரே ஒரு தடவை நடந்ததற்கு இது வராது. எண்ணிச் சொல்லும் தடவைகளுக்கும் வராது. ‘போன வருடம் மூன்று தடவை அங்கே போனேன்’ என்பது “ஐ வென்ட் தேர் த்ரீ டைம்ஸ் லாஸ்ட் இயர்” மட்டுமே. இத்தனை வருடம் என்று அளந்து சொல்லும்போதும் சாதாரண இறந்த காலம் போதும்: “ஐ லிவ்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்.” இதில் ‘யூஸ்ட் டு லிவ்’ போட்டால் காதுக்கு உறுத்தும். ஆனால் வாரத்துக்கு இத்தனை தடவை என்பது திரும்பத் திரும்ப நடக்கும் வழக்கம்தானே. “ஐ யூஸ்ட் டு ஸ்விம் த்ரீ டைம்ஸ் எ வீக்” சரியானதே.

மூன்றாம் படி: கேள்வியும் மறுப்பும்

“டிட் யூ யூஸ் டு லிவ் ஹியர்?” முன்பு இங்கேதான் குடியிருந்தீர்களா? “ஐ டிடின்ட் யூஸ் டு லைக் மேத்ஸ்.” முன்பெல்லாம் எனக்குக் கணக்குப் பிடிக்காது.

‘டிட்’ வந்துவிட்டால் இறந்த காலத்தை அது சுமந்துகொள்ளும். அதனால் எழுதும்போது ‘யூஸ்ட்’டின் கடைசியில் இருக்கும் ‘டி’ என்ற எழுத்து விழுந்துவிடும். ‘டிட் யூ வென்ட்’ என்று எழுத மாட்டோம், ‘டிட் யூ கோ’ என்றுதானே எழுதுவோம்? அதே விதிதான். பேச்சில் ‘யூஸ்ட் டு’, ‘யூஸ் டு’ இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும். அதனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் எழுத்தில் தடுமாறுகிறார்கள். ‘டிட்’டுக்குப் பிறகு ‘டி’யை வைத்து எழுதியதை நீங்களும் பார்த்திருக்கலாம். தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் ‘டி’ இல்லாமல் எழுதுங்கள்.

மறுப்புக்கு இன்னொரு வழி ‘நெவர்’. “ஹி நெவர் யூஸ்ட் டு கெட் ஆங்ரி.” முன்பெல்லாம் அவருக்குக் கோபமே வராது. இங்கே ‘டிட்’ இல்லாததால் ‘டி’ பத்திரமாக இருக்கும். எனக்கு இந்த வடிவம்தான் பிடிக்கும். இயல்பாக ஒலிக்கிறது, எழுத்துக் குழப்பமும் இல்லை. ‘யூஸ்ட் நாட் டு’ என்று பழைய புத்தகங்களில் பார்த்தால் புரிந்துகொள்ளுங்கள், பேச்சில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான்காம் படி: ‘வுட்’ எங்கே வரும்?

பழைய நினைவுகளைச் சொல்லும்போது ஆங்கிலத்தில் ‘வுட்’டும் வரும். இதைத் தமிழ்க்காரர்கள் எளிதாகப் பிடித்துக்கொள்ளலாம், ஏனென்றால் நம் மொழியிலேயே இதற்கு ஜோடி இருக்கிறது. ‘சின்ன வயதில் அப்பா எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவார், இருட்டும்வரை அங்கேயே இருப்போம்’ என்கிறோம். ‘போவார்’, ‘இருப்போம்’ என்பவை எதிர்கால வடிவங்கள். ஆனாலும் நடந்து முடிந்த வழக்கத்தைச் சொல்கின்றன. ஆங்கிலமும் ‘வில்’ என்ற எதிர்காலச் சொல்லின் இறந்த கால வடிவமான ‘வுட்’டை எடுத்து அதே வேலையைச் செய்கிறது.

“வீ யூஸ்ட் டு லிவ் நியர் தி சீ. எவ்ரி ஈவ்னிங் மை ஃபாதர் வுட் டேக் அஸ் டு தி பீச். வீ வுட் ஸ்டே தேர் அன்டில் டார்க்.”

முதல் வாக்கியத்தில் ‘யூஸ்ட் டு’ காலத்தை நிறுவிவிட்டது. பிறகு ‘வுட்’ கதையை நகர்த்துகிறது. பக்கம் முழுக்க ‘யூஸ்ட் டு’ என்றே எழுதினால் சலிப்புத் தட்டும், இப்படிக் கலந்து எழுதினால் நன்றாக ஓடும். ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. ‘வுட்’ செயல்களுக்குத்தான் வரும், நிலைமைக்கு வராது. கடற்கரைக்குப் போவது செயல். கடல் பக்கத்தில் குடியிருந்தது நிலைமை. அதனால் முதல் வாக்கியத்தை ‘வீ வுட் லிவ்’ என்று மாற்ற முடியாது. ‘எனக்கு ஒரு நாய் இருந்தது’, ‘எனக்குக் கூச்சம் அதிகம்’, ‘அவரை எனக்குத் தெரியும்’ போன்றவையும் நிலைமைகளே.

ஐந்தாம் படி: ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ வந்தால் கதையே வேறு

இப்போது இரண்டாவது வேலைக்கு வருகிறோம். இந்த இரண்டு வாக்கியங்களையும் நிதானமாகப் படியுங்கள்.

“ஐ யூஸ்ட் டு லிவ் அலோன்.”
“ஐ ஆம் யூஸ்ட் டு லிவிங் அலோன்.”

முதலாவது, முன்பு தனியாக இருந்தேன். இரண்டாவது, தனியாக இருப்பது எனக்குப் பழகிப்போய்விட்டது, அது எனக்குக் கஷ்டமாகத் தெரியாது. ஒரு ‘ஆம்’ நுழைந்ததும், ஒரு ‘இங்’ ஒட்டியதும் பொருளை முழுக்க மாற்றிவிட்டன. வீடு பார்க்கப் போன இடத்திலோ வேலைக்கான நேர்முகத்திலோ இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் எதிரில் இருப்பவர் வேறு ஆளைப் பற்றிய சித்திரத்தோடு திரும்பிப் போவார்.

‘இங்’ ஏன் வருகிறது? முதல் வாக்கியத்தின் ‘டு’, வினையோடு ஒட்டிய ‘டு’. இரண்டாவதில் வருவது, ‘டு தி ஸ்டேஷன்’, ‘டு மை ஃபிரெண்ட்’ என்பதில் வருகிற ‘டு’. அதற்குப் பின்னால் பெயர்ச்சொல்தான் உட்காரும். “ஐ ஆம் யூஸ்ட் டு தி நாய்ஸ்” என்று ஒரு பெயரை வைத்துப் பார்த்தால் இது புரியும். வினையை அங்கே உட்கார வைக்க வேண்டுமென்றால், ‘இரு’ என்பதை ‘இருப்பது’ என்று நாம் ஆக்குவதுபோல, ‘லிவ்’ என்பதை ‘லிவிங்’ ஆக்க வேண்டும். “ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ” என்று கடிதத்தில் எழுதும்போது வருவதும் இதே ‘டு’தான். அங்கேயும் ‘டு மீட்’ என்று எழுதிவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம்.

காலத்தை மாற்ற ‘யூஸ்ட்’டைத் தொட வேண்டாம். ‘ஆம்’ போய் ‘வாஸ்’ வரும்: “ஐ வாஸ் யூஸ்ட் டு த ஹீட்.” மறுப்புக்கு ‘நாட்’ போதும்: “ஐ ஆம் நாட் யூஸ்ட் டு டிரைவிங் அட் நைட்.” ராத்திரியில் வண்டி ஓட்டி எனக்குப் பழக்கமில்லை.

தமிழிலிருந்து வரும் ஒரு பொறியும் இங்கே உண்டு. நாம் ‘அந்தச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது’ என்கிறோம். பழகியது சத்தம், ‘நான்’ என்பது ‘எனக்கு’ என்று ஓரமாக நிற்கிறது. அதையே அப்படியே கொண்டுபோய், “தி நாய்ஸ் இஸ் யூஸ்ட் டு மீ” என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு, சத்தம் என்னிடம் பழகிக்கொண்டது என்று பொருள். ஒரு நாயைப் பற்றியென்றால் இது பொருத்தமான வாக்கியம்: “தி டாக் இஸ் யூஸ்ட் டு மீ”, அந்த நாய் என்னிடம் நன்றாகப் பழகிவிட்டது. சத்தத்துக்கும் வெயிலுக்கும் அப்படிச் சொல்ல முடியாது. பழக்கப்பட்ட ஆள் யாரோ அவரைத்தான் வாக்கியத்தின் முதலில் நிறுத்த வேண்டும்.

ஆறாம் படி: பழகிக்கொண்டிருக்கிறேன், பழகிவிடும்

பழகிய நிலைக்கு ‘ஆம் யூஸ்ட் டு’ என்றால், பழகும் வழிக்கு ‘கெட் யூஸ்ட் டு’. புதுக் கண்ணாடி போட்ட முதல் வாரத்தில், “ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு மை நியூ கிளாஸஸ்.” கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டிருக்கிறேன். மாதம் ஒன்று ஆனதும், “ஐ ஆம் யூஸ்ட் டு தெம் நவ்.” நடுவில் யாராவது புலம்பினால் தேறுதலாக, “யூ வில் கெட் யூஸ்ட் டு இட்.” போகப் போகப் பழகிடும். எவ்வளவு முயன்றும் ஒட்டவில்லை என்றால், “ஐ கான்ட் கெட் யூஸ்ட் டு திஸ் சேர்.” இங்கேயும் வினை வந்தால் ‘இங்’ தான்: “ஷீ காட் யூஸ்ட் டு வொர்க்கிங் அட் நைட்.”

‘யூஸ்ட் டு இட்’ என்ற இடத்தில் ‘வித்’ சேர்த்து, “யூஸ்ட் டு வித் இட்” என்று சொல்வதையும் கேட்கிறேன். ‘வித்’துக்கு அங்கே இடமில்லை.

மூன்றாவது வேலை

“திஸ் நைஃப் இஸ் யூஸ்ட் டு கட் பேப்பர்.” இந்தக் கத்தி தாள் வெட்டப் பயன்படுகிறது. இது சாதாரணச் செயப்பாட்டு வினை. எழுத்தில் ‘இஸ் யூஸ்ட் டு’ என்று இருந்தாலும் பழக்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பின்னால் ‘கட்’ என்ற மூல வினை வந்திருப்பதே அடையாளம். “ஷீ இஸ் யூஸ்ட் டு கட்டிங் பேப்பர்” என்று ‘இங்’ வந்தால், தாள் வெட்டி அவளுக்குப் பழக்கம்.

காதால் பிரிப்பது

தமிழ் எழுத்தில் எல்லாவற்றையும் ‘யூஸ்ட்’ என்றே எழுத வேண்டியிருக்கிறது. உச்சரிப்பில் இரண்டு உண்டு. கத்தியைப் ‘பயன்படுத்தியது’ என்ற பொருளில் வரும்போது நடுவிலிருக்கும் ஒலி வண்டின் ரீங்காரம்போல அதிரும். தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள், அதிர்வு தெரிய வேண்டும். வழக்கம், பழக்கம் என்ற பொருள்களில் வரும்போது அது பாம்பின் சீறல்போல வெறும் காற்று, தொண்டை அதிராது. அடுத்து வரும் ‘ட’கரத்தோடு கலந்து, இரண்டு சொல்லும் ஒரே சொல்லாக ‘யூஸ்ட’ என்று வேகமாக ஓடிவிடும். கடைசி ‘டு’வை நீட்டி அழுத்தாதீர்கள். ‘யூஸ்ட்... டூ’ என்று பிரித்துப் பிரித்துச் சொன்னால் கேட்கிறவர்கள் தடுமாறுவார்கள்.

பயிற்சி

கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பிறகு விடையைப் பாருங்கள். அவசரப்பட்டால் பாதிப் பயன் போய்விடும்.

1. முன்பு எனக்கு நீளமான முடி இருந்தது.
2. தினமும் ஆறு மணிக்கு எழுந்திருப்பது என் வழக்கம்.
3. ஆறு மணிக்கு எழுந்திருப்பது எனக்குப் பழகிவிட்டது.
4. நீங்கள் முன்பு கண்ணாடி போட்டிருந்தீர்களா?
5. இந்தப் புது வேலை எனக்கு இன்னும் பழகவில்லை.
6. அங்கே இரண்டு வருடம் வேலை பார்த்தேன்.
7. இந்த மாத்திரையை ராத்திரி ராத்திரி போட்டுக்கொள்வேன்.

முதலாவது, “ஐ யூஸ்ட் டு ஹாவ் லாங் ஹேர்.” நிலைமை என்பதால் ‘வுட்’ வராது. இரண்டாவதில் ‘வழக்கம்’ என்ற சொல் இருந்தாலும், இன்றும் நடப்பதால் “ஐ கெட் அப் அட் சிக்ஸ் எவ்ரி டே.” மூன்றாவது, “ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் அட் சிக்ஸ்.” நான்காவது, “டிட் யூ யூஸ் டு வேர் கிளாஸஸ்?” எழுதும்போது ‘டி’ இல்லை. ஐந்தாவது, “ஐ ஆம் நாட் யூஸ்ட் டு மை நியூ ஜாப் யெட்.” ஆறாவது கால அளவு சொல்வதால், “ஐ வொர்க்ட் தேர் ஃபார் டூ இயர்ஸ்.” ஏழாவதை இன்றும் போட்டுக்கொள்கிறவர் சொல்ல வேண்டியது, “ஐ டேக் திஸ் டேப்லெட் எவ்ரி நைட்.” நிறுத்திவிட்டவர் சொல்ல வேண்டியதைத்தான் இந்தக் கட்டுரையின் முதல் வரியில் படித்தீர்கள்.